நோயும் எழுத்தும்
அன்ரன் செக்கோவின் இறுதி மாதங்கள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

எழுத்தாளர் ஒருவர் தீராத நோய்வாய்ப்பட்டு இறந்தாராயின், அவர்தம் இறுதி நாட்களைப் பற்றிய கதைகள் அவர் எழுதிய கதைகளினும் விரைவாகப் பரவுதல் உலகியல்பு. இன்னார் சாகும்போது இன்னது கூறினார், இன்னது உண்டார் என்பன எல்லார்க்கும் தெரிந்திருக்கும். அம்மாதங்களில் அவர் என்ன எழுதினார், எதற்காக எழுதினார், எவர்க்கு எதனை மறைத்தார் என்பன சிலர்க்கே தெரிந்திருக்கும். ருஷ்ய நாட்டுச் சிறுகதையாசிரியரும் நாடகாசிரியருமாகிய அன்ரன் செக்கோவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவர் 1904 ஆம் ஆண்டு, தமது நாற்பத்து நான்காம் வயதிலே, சயரோகத்தால் இறந்தார். அவ்விறுதி மாதங்களுக்குரிய சான்றுகள் யாவை, அவற்றை எங்ஙனம் படித்தல் வேண்டும், அவற்றிலிருந்து அவருடைய எழுத்தைப் பற்றி நாம் அறிவது யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம். இதிற் கூறப்படும் ருஷ்ய நாட்டுத் திகதிகள் அக்காலத்து அந்நாட்டு நாட்காட்டிப்படியானவை. அது நமது நாட்காட்டிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாட்கள் பிந்தியது.

நோயை அறிந்த வைத்தியர்

செக்கோவ் எழுத்தாளர் மட்டுமல்லர், வைத்தியருமாவார். 1884 ஆம் ஆண்டில் மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் வைத்தியக் கல்வியை முடித்துப் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே அவர் வாயிலிருந்து முதன்முறை இரத்தம் வந்தது. அஃது எதன் அறிகுறி என்பது ஒரு வைத்தியருக்குத் தெரியாதிருத்தல் அரிது. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் அவர் தம்மை எவரும் முறையாகப் பரிசோதிக்க இடங்கொடுத்திலர். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் அவர் நூற்றுக்கணக்கான கதைகளை எழுதினார், 1892 ஆம் ஆண்டில் வாந்திபேதி பரவிய காலத்தே கிராமங்கள்தோறும் சென்று ஊதியமின்றி மருத்துவம் செய்தார், பாடசாலைகள் கட்டுவித்தார். 1897 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மொஸ்கோ உணவுச்சாலை ஒன்றிலே, உணவருந்த அமர்ந்த வேளையிற் குருதி பெருகியதன் பின்னரே, அவர் நோயாளியாக மருத்துவமனைக் கட்டிலிற் கிடக்க நேர்ந்தது. அங்கே அவரைப் பார்க்க வந்தவருள் ரோல்ஸ்ரோயும் ஒருவர்.

ஆதலின், அவருடைய கடைசி ஏழு ஆண்டுகளும் தம் முடிவை அறிந்த ஒருவருடைய ஆண்டுகளே. யால்ரா என்னும் கருங்கடற்கரைப் பட்டினத்தின் இளஞ்சூடான காற்று நலந்தரும் என்று வைத்தியர் கூறினர். அங்கே அவர் ஒரு வீடு கட்டினார், மரங்கள் நட்டார். 1901 ஆம் ஆண்டு மே மாதத்தில் மொஸ்கோக் கலை அரங்கின் நடிகையாகிய ஒல்கா நிப்பரை மணந்தார். மனைவியின் தொழில் மொஸ்கோவில்; கணவரின் நோய் யால்ராவில். இருவரும் ஆண்டின் பெரும்பகுதியைப் பிரிந்தே கழித்தனர். இப்பிரிவு அவர்களுக்குத் துன்பமாயிற்று; பின்வந்த ஆராய்ச்சியாளர்க்கோ அதுவே பேறாயிற்று. அருகிருந்தாற் பேச்சாய்க் காற்றிலே கரைந்திருக்கக் கூடியவை யாவும் கடிதங்களாய் நின்றன.

இலங்கையிலே தொடங்கிய கதை

இறுதி மாதங்களை அணுகுமுன், நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியை நோக்குதல் தகும். 1890 ஆம் ஆண்டில் செக்கோவ் ருஷ்யாவின் கீழ்க்கோடியிலுள்ள சகலின் தீவுக்குச் சென்று, அங்கே நாடுகடத்தப்பட்டும் சிறைப்பட்டும் வாழ்ந்த மக்களைப் பற்றி ஏறத்தாழ 10,000 பதிவுச் சீட்டுகளைத் தம் கையாலேயே நிரப்பினார். நோயுடையார் ஒருவர் மேற்கொள்ளத் தக்க பயணமன்று அது. கடல்வழியே ஊர் திரும்புகையில், நவம்பர் மாதத்திற் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். புகைவண்டியேறிக் கண்டிவரை சென்றார். இந்நாட்டைச் சுவர்க்கமென வியந்து நண்பருக்கு எழுதினார். இங்கிருந்து கீரிகளையும் வாங்கிக்கொண்டு சென்றார். அவை பின்னர் மொஸ்கோ வீட்டிலே செய்த குறும்புகள் அவருடைய கடிதங்களில் உள்ளன.

அப்பயணத்திற் பிறந்த கதையே 'குசெவ்'. கொழும்பு, நவம்பர் 12 என்ற குறிப்போடு அது வெளியாயிற்று. சயரோகியாகிய ஒரு போர்வீரன் கப்பலின் நோயாளர் அறையிலே கிடந்து இறக்கின்றான். அவன் உடலைத் துணியிலே பொதிந்து கடலில் இடுகின்றனர். சுறாமீன் அதனை அணுகுகின்றது. அவ்வேளையில் மேலே வானம் பல நிறங் கொள்கின்றது. கடலும் அந்நிறங்களை ஏற்று மகிழ்கின்றது. கதை அத்துடன் முடிகின்றது. அவர் ஏறிவந்த கப்பலிலே இருவர் இறந்து கடலில் இடப்பட்டதை அவர் நேரிற் கண்டிருந்தார். தம் நெஞ்சிலும் அந்நோயே குடிகொண்டிருப்பதை உணர்ந்த ஒருவர், அந்நோயால் இறக்கும் எளிய மனிதன் ஒருவனைப் பற்றி எழுதினார். எழுதும்போது தமக்காக ஒரு துளி இரக்கத்தையும் வேண்டினாரல்லர்.

இதனை நினைவிற் கொள்க. ஏனெனில் பிற்கால எழுத்துக்களிலும் இதே முறை வருகின்றது. 1902 ஆம் ஆண்டில் வெளியான 'மேற்றிராணியார்' என்னுங் கதையில், பெரிய குருவொருவர் நோயுற்று இறக்கின்றார். ஒரு மாதத்துள் அவரிடத்துக்கு வேறொருவர் நியமிக்கப்படுகின்றார். அவரை நினைப்பார் இலர். ஒதுக்குப்புறமான சிறு பட்டினமொன்றிலே வாழும் அவருடைய முதிய தாய் மாத்திரம், மேய்ச்சல் நிலத்துக்கு மாட்டைத் தேடிச் செல்லும் மாலைகளில், தனக்கு ஒரு மகன் இருந்தான், அவன் மேற்றிராணியாராயிருந்தான் என்று மற்றப் பெண்களிடம் கூறுவாள். நம்பமாட்டார்களோ என அஞ்சி அஞ்சியே கூறுவாள். 1903 ஆம் ஆண்டின் முடிவில் வெளியான அவருடைய கடைசிக் கதை 'மணமகள்'. அதிலே சாஷா என்னும் இளைஞன் சயரோகத்தால் இறக்கின்றான். ஆனாற் கதை அவனுடையதன்று. அவன் சொற்கேட்டு, நிச்சயிக்கப்பட்ட மணத்தை உதறிக் கல்வி கற்கச் சென்ற நாடியா என்னும் பெண்ணுடையது. அவனுடைய மரணச் செய்தி தந்தியில் வருகின்றது, அவள் வருந்துகின்றாள், பின்னர்த் தன் புதுவாழ்வை நோக்கி ஊரைவிட்டுப் புறப்படுகின்றாள்.

போர்வீரன், குரு, இளைஞன் ஆகிய மூவரும் இறக்கின்றனர். மூவர்க்காகவும் உலகம் நின்றுவிடவில்லை. இறப்பவன் உலகின் நடுவிடமல்லன் என்பதே செக்கோவின் துணிபு. இத்துணிபை அவர் கதையில் மட்டுமன்றித் தம் இறுதி மாதங்களிலும் கடைப்பிடித்தார் என்பதே இக்கட்டுரை நிறுவப் புகுவது.

சில வரிகளாய் வளர்ந்த நாடகம்

1903 ஆம் ஆண்டில் அவர் எழுதிய நாடகம் 'செரிப் பழத் தோட்டம்'. அப்பொழுது அவருடைய உடல் நிலை எத்தகையது என்பதற்கு அவர் கடிதங்களே சான்று. ஒரு நாளிற் சில வரிகளுக்கு மேல் எழுத இயலவில்லை, இருமல் விடவில்லை, வயிற்று நோயும் வாட்டியது. ஒருகாலத்தில் ஒரே இருப்பிலே கதைகளை எழுதி முடித்தவர் அவர். அத்தகையவர் பல மாதங்கள் உழைத்து அந்நாடகத்தை முடித்து, அவ்வாண்டு ஒக்ரோபர் நடுப்பகுதியிலே மொஸ்கோவுக்கு அனுப்பினார்.

நாடகத்தின் கதை எளியது. கடன்பட்ட நிலக்கிழத்தியொருத்தியின் செரித் தோட்டம் ஏலத்துக்கு வருகின்றது. மரங்களை வெட்டி நிலத்தைப் பகுத்து வாடகைக்கு விட்டாற் கடனைத் தீர்க்கலாமென லொபாகின் என்னும் வணிகன் அறிவுரை கூறுகின்றான். அவளும் அவள் தமையனும் செவிசாய்த்திலர். ஈற்றிலே லொபாகினே தோட்டத்தை வாங்குகின்றான். அவனுடைய தந்தையும் பாட்டனும் அத்தோட்டத்திலே அடிமைகளாயிருந்தவர்கள். செக்கோவின் பாட்டனாரும் பண்ணையடிமையாயிருந்து, பணங்கொடுத்துத் தம்மையும் தம் குடும்பத்தையும் மீட்டவர் என்பதை அறிந்தார்க்கு, லொபாகினை ஆசிரியர் ஏன் வெறுமனே பொருளாசைக்காரனாகப் படைத்திலர் என்பது விளங்கும்.

இந்நாடகத்தைப் படித்த நெறியாளர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அழுதார். இஃது அவலநாடகமே என்று ஆசிரியருக்கு எழுதினார். செக்கோவோ இறுதிவரை இதனை மகிழ்நாடகம் என்றே வற்புறுத்தினார். கடைசி அங்கம் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடியவேண்டியது, அதனை நாற்பது நிமிடங்கள் இழுக்கிறார்கள் என்று மனைவியிடம் முறையிட்டார். இப்பிணக்கு நாடகப் பயிற்சி பற்றியது மட்டுமன்று. நோயுற்ற ஒருவரின் எழுத்தை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவே அதன் அடியில் உள்ளது. எழுதியவர் சாகப்போகின்றார் என்பதை அறிந்தவர்கள் அவர் எழுத்தெங்கும் சாவையே காண்பர். வெட்டுண்ட மரங்களில் அவருடைய உடலைக் காண்பர். பூட்டிய வீட்டினுள்ளே மறந்து விடப்பட்ட கிழவேலையாள் பீர்ஸின் தனிமையில் யால்ராவின் தனிமையைக் காண்பர். அவ்வாறு காண்பது முற்றாகப் பிழையென்று கூறவியலாது. ஆயினும், பாத்திரங்களின் மடமையைப் பார்த்து ஆசிரியர் சிரிக்க விரும்பினார் என்பதும், அச்சிரிப்பை நம் கண்ணீரால் அழித்துவிடலாகாது என்பதும் உண்மை. இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, துன்பத்தை நகையால் எதிர்கொள்ளச் சொன்னார் வள்ளுவர். அங்ஙனம் நகைத்தல் துன்பத்தை அறியாதார் செயலன்று. அறிந்து அதற்கு அடிபணியாதார் செயல்.

விழாவும் அலுமாரியும்

நாடகம் 1904 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் திகதி, செக்கோவின் நாற்பத்து நான்காவது பிறந்தநாளன்று, மொஸ்கோவில் அரங்கேறியது. அவருடைய இலக்கியப் பணியின் இருபத்தைந்தாம் ஆண்டு விழாவையும் அன்றே கொண்டாட நண்பர்கள் விரும்பினர். விழாக்களை அஞ்சும் இயல்புடைய அவரை நாடகத்தின் நடுவே அழைப்பித்து, மூன்றாம் அங்கத்தின் பின்னர் மேடையில் நிறுத்தினர். மெலிந்து வெளிறி, இருமலை அடக்க முடியாமல் அவர் நின்றார். அவரை இருக்கச் சொல்லுமாறு சபையிலிருந்து குரல்கள் எழுந்தன. வாழ்த்துரைகள் முடியும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அந்நாடகத்தின் முதலங்கத்திலே ஒரு காட்சி உண்டு. நிலக்கிழத்தியின் தமையனாகிய காயெவ், தன் வீட்டிலுள்ள நூறாண்டு பழமையான புத்தக அலுமாரியை விளித்து, அதன் பெருமைகளைப் புகழ்ந்து வாழ்த்துரை நிகழ்த்துவான். விழா மேடையிலே ஒருவர் செக்கோவை விளித்துத் தொடங்கிய வாழ்த்துரை ஏறத்தாழ அவ்வலுமாரி வாழ்த்துப் போலவே அமைந்துவிட்டதென்றும், அதனைக் கேட்ட செக்கோவின் இதழ்களில் ஒரு புன்னகை தோன்றியதென்றும் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தமது நினைவு நூலிற் குறித்துள்ளார். விழா மலரொன்றிலே இச்செய்தியைக் கூறுவது பொருத்தமே. வாழ்த்துவோர் வாழ்த்தப்படுவாரை அலுமாரியாக்கி விடுதல் கூடும். ஒருவருடைய பணியைப் போற்றும் வழி, அவர் செய்ததை ஊன்றிப் படிப்பதே.

கடிதங்கள் கூறுவனவும் மறைப்பனவும்

பெப்ரவரியிற் செக்கோவ் யால்ரா திரும்பினார். அதற்குள் ருஷ்யாவுக்கும் யப்பானுக்குமிடையே போர் மூண்டுவிட்டது. உடல்நலம் இடங்கொடுத்தால் கோடைகாலத்திற் கீழைத்தேசப் போர்க்களத்துக்கு வைத்தியராகச் செல்வேன் என்று அவர் கடிதம் எழுதினார். படிகளில் ஏறவே மூச்சு வாங்கிய ஒருவரின் எண்ணம் இது. இதனைத் தம்மைத் தாமே ஏமாற்றிய பேச்சென்று தள்ளிவிடலாம். எனினும், செய்வதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும் என்ற வேட்கையை அதிலே காண்பதே நேரிது. அம்மாதங்களிலும் அவர் 'ருஷ்யச் சிந்தனை' என்னும் திங்களிதழுக்காக மற்றவர்களுடைய கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொண்டிருந்தார்.

மே மாதத் தொடக்கத்தில் மொஸ்கோவை அடைந்தார். அடைந்ததும் படுக்கையில் வீழ்ந்தார். ஜேர்மனியிலுள்ள பாடன்வைலர் என்னும் நீரூற்று ஊருக்குச் செல்லுமாறு வைத்தியர் பணித்தார். சூன் 3 ஆம் திகதி மனைவியுடன் புறப்பட்டார். பயணத்தின் முன் தம்மைக் காணவந்த எழுத்தாளர் தெலெஷோவிடம், தாம் சாகவே போவதாகச் செக்கோவ் கூறினார் என்பது தெலெஷோவின் குறிப்பு. ஆனாற் பாடன்வைலரிலிருந்து சகோதரி மரியாவுக்கும் முதிய அன்னைக்கும் அவர் எழுதிய கடிதங்களோ வேறு விதமானவை. நலம் பெருகி வருகின்றது, விரைவிற் பூரண சுகம் பெறுவேன் என்னும் பொருள்பட அவை அமைந்தன. சூன் 28 ஆம் திகதி மரியாவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாத்திரம் மூச்சுத் திணறலை ஒப்புக்கொள்கின்றார். அதிலேயே கடல்வழியாக ஊர் திரும்பும் எண்ணத்தையும் வெளியிடுகின்றார். ஜேர்மன் பெண்களுக்கு உடுக்கத் தெரியவில்லை என்று குறும்பாகக் குறையும் கூறுகின்றார். நான்கு நாட்களின் பின் அவர் உயிருடனில்லை.

இங்கேதான் மாணவர் ஊன்றி நோக்கவேண்டிய பாடம் உள்ளது. தெலெஷோவிடம் ஒன்று கூறினார், தாய்க்கு வேறொன்று எழுதினார், எது உண்மை? கடிதம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளுமுன், யார் எழுதியது என்று மட்டுமன்றி யாருக்கு எழுதியது என்றுங் கேட்டல் வேண்டும். தாய்க்கு எழுதிய கடிதத்தை அவருடைய நெஞ்சுநோயின் சான்றாக எடுத்தால் அது பொய்ச் சான்று. தாயின்மேல் அவர் கொண்ட பரிவின் சான்றாக எடுத்தால் அதனினும் மெய்யான சான்று வேறில்லை. ஒரு பத்திரம் ஒரு வினாவுக்குப் பொய்யும் மற்றொரு வினாவுக்கு மெய்யும் உரைக்கும். வினாவை அறிந்து கேட்பதே ஆராய்ச்சியாளன் கடமை.

கடைசி இரவும் அதன்மேல் எழுந்த புனைவும்

1904 ஆம் ஆண்டு சூலை 2 ஆம் திகதி, நமது நாட்காட்டிப்படி சூலை 15 ஆம் திகதி, விடியுமுன் அவர் இறந்தார். அதற்கு முந்திய மாலை, நன்றாக உண்டு கொழுத்த செல்வர்கள் தங்கும் விடுதியொன்றிலே சமையற்காரன் ஓடிப்போய்விட, உலாவி வந்தவர்கள் உணவின்றித் திகைப்பதாக ஒரு கதையைக் கற்பித்துக் கூறி மனைவியைச் சிரிக்கவைத்தார். நள்ளிரவிலே விழித்து, முதன்முறையாகத் தாமே வைத்தியரை அழைக்கச் சொன்னார். வந்த வைத்தியரிடம் தாம் இறப்பதை ஜேர்மன் மொழியிலே தெரிவித்தார். வைத்தியர் சம்பெயின் மது கொணரச் செய்தார். அதனை அருந்தி, அதனைப் பருகி நெடுநாளாயிற்று என்று கூறி, இடப்புறமாகத் திரும்பிப் படுத்தார். இவை ஒல்கா நிப்பர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளால் அறியப்படுவன.

இக்காட்சியை வைத்து அமெரிக்க எழுத்தாளர் றேமண்ட் காவர் 1987 ஆம் ஆண்டிலே ஒரு சிறுகதை எழுதினார். அக்கதையில் வரும் விடுதி இளைஞனின் செய்கைகள் காவருடைய கற்பனை. பின்னர் வந்த வாழ்க்கை வரலாறொன்றில் அக்கற்பனை வரலாற்றுச் செய்தியாகவே நுழைந்துவிட்டதை ஜனெற் மல்கம் என்பவர் 2001 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டினார். காவரும் புற்றுநோயால் 1988 ஆம் ஆண்டில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் வெளியான கடைசிக் கதைகளுள் அதுவும் ஒன்று. சிறந்த கலைஞன் ஒருவன் புனைந்ததை நம்ப நாம் விரும்புகின்றோம். விரும்புவதனால் அது வரலாறாகிவிடாது.

உடலை மொஸ்கோவுக்குக் கொண்டுவந்த புகைவண்டிப் பெட்டியிலே, சிப்பி ஏற்றுவதற்குரியது என்று எழுதியிருந்ததைக் கண்டு கோர்க்கி கொதித்தார். போர்க்களத்தில் மாண்ட படைத்தலைவர் ஒருவரின் பிரேதத்தைச் செக்கோவின் பிரேதமென்று எண்ணிச் சிலர் பின்சென்றதையும் அவர் எழுதியுள்ளார். செக்கோவ் அதனைக் கண்டிருந்தாற் கொதித்திருக்கமாட்டார்; ஒரு கதை எழுதியிருப்பார்.

எஞ்சியவை

அவர் விட்டுச் சென்றவை யாவை? முதலாவது, நூல்கள். 1899 ஆம் ஆண்டில் தம் எழுத்துக்களின் உரிமையை மார்க்ஸ் என்னும் பதிப்பாளருக்கு 75,000 ரூபிளுக்கு விற்றார். அவ்வொப்பந்தம் ஆசிரியருக்கு நட்டமானதென்று கண்ட நண்பர்கள், 1904 ஆம் ஆண்டு விழாவை ஒட்டி, அதனை இரத்துச் செய்யுமாறு பதிப்பாளரை வேண்டும் விண்ணப்பம் ஒன்றை ஆயத்தஞ் செய்தனர். செக்கோவ் அதனை அனுப்பவேண்டாமென்று தடுத்துவிட்டார். தாமே கைச்சாத்திட்டதைத் தாமே மறுக்க அவர் விரும்பிலர். அவ்வொப்பந்தத்தால் வந்த வேலையையும் அவர் தட்டிக் கழிக்கவில்லை. நோயுடனேயே பழைய கதைகளையெல்லாம் எடுத்து வரிவரியாகத் திருத்தினார். தகுதியற்றவை என்று கண்டவற்றை நீக்கினார்.

இரண்டாவது, ஒரு கடிதம். 1901 ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 ஆம் திகதியிட்டு மரியாவுக்கு எழுதி ஒல்காவிடம் ஒப்படைத்த அது, அவருடைய மரணத்தின் பின்னரே மரியாவின் கையிற் சேர்ந்தது. அதிலே சொத்துக்களைப் பகுத்து, தாமும் தம் உறவினரும் மறைந்தபின் எஞ்சுவது தாம் பிறந்த தகன்ரோக் நகரத்தின் கல்விக்குச் செல்லவேண்டுமென்று விதித்தார். முன்னர் வாழ்ந்த கிராமத்தாருக்குப் பாதை அமைக்க வாக்களித்த நூறு ரூபிளையும் மறந்தாரல்லர். ஏழைகளுக்கு உதவவும், தாயைப் பேணவும், ஒற்றுமையாக வாழவும் கூறி முடித்தார். தமக்கு நினைவுச்சின்னம் வேண்டுமென்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றாவது, பத்திரங்கள். தமக்கு வந்த கடிதங்களை எறியாது, சகோதரியோடு சேர்ந்து வகைப்படுத்திக் கட்டிவைத்தல் அவர் வழக்கம். தம்மைப் பெரியவரென்று எண்ணியதனாலன்று, எழுதியவரை மதித்ததனால். அவர் இறந்தபின், மரியா அவர் எழுதிய கடிதங்களைப் பலரிடமிருந்துந் தேடித் தொகுத்து, 1912 முதல் 1916 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். யால்ரா வீட்டை நூதனசாலையாகப் பேணினார். உள்நாட்டுப் போரிலும், பின்னர் ஜேர்மன் படைகள் அந்நகரைக் கைப்பற்றியிருந்த காலத்திலும் அவ்வீட்டை விட்டு நீங்கவில்லை. தமையன் மறைந்து ஐம்பத்து மூன்று ஆண்டுகளின் பின், 1957 ஆம் ஆண்டில், தமது தொண்ணூற்று நான்காம் வயதளவில் அங்கேயே காலமானார். 1974 முதல் 1983 வரை முப்பது தொகுதிகளாக வெளிவந்த முழுப் பதிப்பிலே பன்னிரண்டு தொகுதிகள் கடிதங்களே. எஞ்சியுள்ள கடிதங்கள் 4,000 இற்கு மேற்பட்டவை. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதையும் ஒரு வீட்டுக்கும் சில பெட்டிகளுக்கும் காவலாக்கியிராவிடின், நாம் மேலே ஆராய்ந்தவற்றுட் பெரும்பகுதி இல்லையாகும்.

முடிபு

இதுவரை கூறியவற்றாற் போந்த பொருள் மூன்று. நோயுற்ற எழுத்தாளரின் எழுத்தை நோயின் சாயலாக மட்டும் படித்தல் தகாது. அவர் எதனை நோக்கி எழுதினாரோ அதனையும் நாம் நோக்குதல் வேண்டும். கடைசி நாட்களைப் பற்றிய சான்றுகளை, யார், எப்பொழுது, எவர்க்கு எழுதினார் என்று வினவியே ஏற்றல் வேண்டும். ஓர் எழுத்தாளரின் பேறு அவர் எழுதியதனால் மட்டும் நிலைப்பதன்று. அதனைப் பேணுவார் ஒருவர் வேண்டும்.

மூன்றாவது நமக்கு மிக அண்மையது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளையும் கைப்பிரதிகளையும் இழந்தவர்கள் நாம். அதன் பின்னும் இடப்பெயர்வுகளால் வீடுகள் பல வெறுமையாயின. அவற்றோடு பெட்டிகளும் அழிந்தன. நம் ஆசிரியர்களுள்ளும் பழைய மாணவர்களுள்ளும் கவிஞர் உளர், நாடகாசிரியர் உளர், ஆராய்ச்சியாளர் உளர். அவர்களுட் சிலர் முதுமையிலும் நோயிலும் இருத்தல் கூடும். அவர்கள் மறைந்தபின் இரங்கலுரை எழுதுவதற்குப் பலர் முன்வருவர். அவர்கள் இருக்கும்போதே சென்று, எழுதியதைப் படித்து, ஐயங்களைக் கேட்டு, கடிதங்களையும் கைப்பிரதிகளையும் திகதியிட்டு வகைப்படுத்த உதவுவார் வேண்டும். அதனை ஒரு மாணவனும் செய்யலாம். அதற்கு வேண்டியவை பொறுமையும், ஒரு குறிப்பேடும், பூச்சியும் ஈரமும் அணுகாத ஒரு பெட்டியுமே.

'மேற்றிராணியார்' கதையிலே, தனக்கு ஒரு மகன் இருந்தான் என்று கூறிய அன்னையை எல்லாரும் நம்பினாரல்லர். அவளிடம் காட்டுவதற்கு ஒரு கடிதமும் இருந்ததாகக் கதை கூறவில்லை.